கோழி, புறா ரத்தத்தைக் குடிக்கிறது எது? அறிகுறியை வச்சு ஆளைப் பிடிக்கிற வழி

"கோழிக்கு ஏதோ பூச்சி புடிச்சிருக்குண்ணே, என்ன மருந்து அடிக்கலாம்?" இப்படிக் கேக்குறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். எந்த நேரத்துல கடிக்குது? முக்காவாசிப் பேர்கிட்ட பதில் இருக்காது, ஏன்னா பாக்கவே இல்ல, கோழி வாடிப்போச்சு கொண்டை வெளுத்துப்போச்சு உடனே கடைக்கு ஓடிருவாங்க.

ரத்தம் குடிக்கிறதுல மூணு ரகம் இருக்குங்க. பகல் ராத்திரி எல்லா நேரமும் பறவை மேலயே குடியிருந்து குடிக்கிறது ஒண்ணு. அந்தி நேரத்துலயோ ராத்திரியிலயோ பறந்து வந்து குடிச்சுட்டு சகதிக்கோ செடி மறைவுக்கோ திரும்பிப் போறது ஒண்ணு. பகல்ல கூட்டு இடுக்குல பதுங்கிக் கெடந்து ராத்திரி ஊர்ந்து வர்றது ஒண்ணு. மூணுக்கும் கை வைக்க வேண்டிய இடம் வேற வேற. ஆள் யாருன்னு தெரியாம கோழி மேல எதையாவது தெளிச்சா கோழிதான் சாகும், இதை நான் புத்தகத்துல படிச்சு சொல்லல, வயலுக்கு அடிச்ச மருந்துல மீதி இருந்ததை தண்ணி கலந்து கூட்டுக்குள்ள அடிச்சு மறுநாள் காலைல ஒரு அடைகோழியையும் ஏழு குஞ்சையும் கொல்லையில புதைச்சவன் நான். அந்த பூச்சி மட்டும் பத்து நாள்ல திரும்பி வந்துச்சு.

அதனால முதல்ல ஒரு டார்ச், ஒரு வெள்ளைத் துணி, மூடி போட்ட ஒரு சின்ன பாட்டில் எடுத்து வச்சுக்குங்க. மத்தியானம், விளக்கு வைக்கிற நேரம், ராத்திரி ஒம்பது மணின்னு ஒரே நாள்ல மூணு தடவை கூட்டைப் போய்ப் பாருங்க. அப்புறம் கீழ உள்ளதுல உங்க கதை எதுன்னு பாத்துக்கலாம்.

புறாவைக் கையில எடுத்தா தட்டையா ஒரு ஈ இறகுக்குள்ள ஓடுது

இதுல சந்தேகமே வேண்டாம், புறா ஈ. சூடோலிங்க்கியா கேனேரியன்சிஸ்னு பேரு. சாதாரண ஈ மாதிரி உருண்டையா இருக்காது, யாரோ விரலால அழுத்தி விட்ட மாதிரி சப்பையா, தோல் மாதிரி கெட்டியா இருக்கும், நண்டு மாதிரி பக்கவாட்டுல ஓடும். இறகைப் பிரிச்சா இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போயிரும். பல நேரம் பறந்து வந்து நம்ம தலைமுடிக்குள்ளயோ சட்டைக் காலருக்குள்ளயோ பூந்துக்கும், மனுஷனையும் கடிக்கும், கடிச்சா ரெண்டு மூணு நாளைக்கு அரிப்பு நிக்காது. கையால அடிச்சா சாகாது, நகத்துக்கு நடுவுல வச்சு நெறிச்சாதான் உண்டு.

ஆணும் ரத்தம் குடிக்கும் பெண்ணும் குடிக்கும், கொசு மாதிரி பொட்டை மட்டும் இல்ல. இதை விட முக்கியமான சங்கதி, இது முட்டையே போடாது. வயித்துக்குள்ளயே புழுவை வளத்து முழுசா வளந்த பிறகு ஒண்ணு ஒண்ணா ஈனும், ஈன்ற புழு செத்த நேரத்துல சுருண்டு கெட்டியாகி கருப்பு விதை மாதிரி ஆயிரும். கடுகை விட கொஞ்சம் பெருசு, பளபளன்னு இருக்கும். கூட்டுல கெடக்குற எச்சம், வைக்கோல், தூசி இதுக்கெல்லாம் அடியில கிளறிப் பாருங்க, ஏதோ தானியம் சிந்தியிருக்குன்னு நெனச்சு விட்டுருப்பீங்க. அதான் இந்த ஈயோட கூட்டுப்புழு. அதுலேர்ந்து ஈ வெளிய வர ஏறக்குறைய ஒரு மாசம்.

இப்ப கணக்குப் போடுங்க. புறா முட்டை பொரிக்க 17, 18 நாள், குஞ்சு கூட்டை விட்டு எறங்க ஒரு மாசம். ஜோடி அடையில உக்காந்த சமயத்துல விழுந்த கருப்பு விதை, குஞ்சு நல்லா சதை போட்டு ஆனா முழுசா இறகு முளைக்காம தப்பிக்க வழியில்லாம கெடக்குற நேரத்துல ஈயாகி வெளிய வரும். அதான் பெரிய புறாவுக்கு ஒண்ணுமே தெரியாது, குஞ்சு மட்டும் வெளுத்துப் போய் சாகுது.

"மருந்து அடிச்சேன், போயிருச்சு, 25 நாள் கழிச்சு மறுபடி வந்துருச்சு, மருந்து போலி"ன்னு சொல்றவங்க நெறைய. மருந்து போலி இல்லீங்க, மருந்து அந்த கருப்பு ஓட்டுக்குள்ள போகல, அவ்ளோதான். வேலை புறா மேல இல்ல, கூட்டுப் பலகை மேலதான். இருபது நாளைக்கு ஒரு தடவை கூட்டு எச்சத்தை அடியோட சுரண்டி எடுத்து எரிச்சிருங்க, குப்பை மேட்டுல கொட்டுனா அங்கயே பொரிச்சு திரும்பி வரும். குஞ்சு இருக்குதே எப்படி எடுக்குறதுன்னா, சட்டியோட குஞ்சை வெளிய வச்சுட்டு புது சட்டியில காஞ்ச வைக்கோல் போட்டு மாத்தி விடுங்க, கை பட்டா தாய் ஒதுக்கிரும்ங்கிறதெல்லாம் வீட்டுப் புறா விஷயத்துல சும்மா பேச்சு. பலகை இடுக்குல கொதிக்கிற தண்ணி ஊத்தலாம். வேதாரண்யம் பக்கம் புகையிலை வெளையுற ஊருங்கள்ல சொந்தக்காரங்க இருந்தா காஞ்ச காம்பு கொஞ்சம் கேட்டு வாங்கி வைக்கோலுக்கு அடியில போடுங்க, புறா வளக்குறவங்க உலகம் பூரா பண்ற பழைய வழக்கம் அது. வேப்பங்கொத்தும் போடுறாங்க, நான் ரெண்டும் போட்டுப் பாத்தேன், சுரண்டுற வேலைக்கு அது துணைதானே தவிர மாத்து இல்ல.

புறா மேல இருக்குற ஈக்கு மருந்து வேணும்னா பெர்மெத்ரின் பவுடர் மாதிரி பறவைக்குன்னே உள்ளதை டாக்டர்கிட்ட கேட்டு இறக்கைக்கு அடியிலயும் வாலுக்கு மேலயும் தடவுங்க. வீட்டுல பூனை இருந்தா ஜாக்கிரதை, பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

நீங்க எவ்ளோ சுத்தமா வச்சிருந்தாலும் வெளிய மேயப் போற புறா கோயில் கோபுரத்துப் புறாவோட சேந்துட்டு கொண்டு வந்துரும், நம்ம ஊர்ல கோபுரம் இல்லாத தெரு எது. அதனால ஒரே தடவைல முடிச்சுரலாம்னு நெனைக்காதீங்க. புதுசா வாங்கிட்டு வந்த ஜோடியை மட்டும் மூணு வாரமாவது தனிக் கூண்டுல வச்சு, ஈ இல்லைன்னு ஆன பிறகு சேருங்க. இன்னொரு கூத்து, பறவைப் பேன் இந்த ஈயோட காலைப் புடிச்சுத் தொத்திக்கிட்டு அடுத்த புறாவுக்கு சவாரி போகும். ஈ ஒழிஞ்சா பேனுக்கு பஸ் கட்.

புறா தூங்கி வழியுது, பறக்க மாட்டேங்குது, வாய் உள்ள வெளுப்பு

மேல சொன்ன ஈ இருக்குற கூட்டுல இதுவும் இருந்தா ஹீமோபுரோட்டியஸ் கொலம்பேங்கிற ரத்த ஒட்டுண்ணியா இருக்கலாம், புறா மலேரியான்னு சொல்லுவாங்க. இது அந்த ஈ வழியாதான் பரவுதுன்னு 1906 வாக்குலயே அல்ஜீரியாவுல எட்மண்ட், எத்தியென் செர்ஜான்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் கண்டுபுடிச்சுட்டாங்க. வளந்த புறா பெரும்பாலும் தாங்கிக்கும், குஞ்சும் ஏற்கனவே நோஞ்சானா இருக்குறதும்தான் விழும். ரத்தத்தை கண்ணாடித் தகட்டுல தடவி மைக்ராஸ்கோப்புல பாத்தா தெரிஞ்சிரும், வீட்டுல உக்காந்து யூகிக்கிற வேலை இல்ல இது. தூங்கி வழியிற புறா எல்லாம் இதுதான்னும் நெனச்சுராதீங்க, வயித்துப் பூச்சிக்கும் அப்படித்தான் உக்காரும்.

அந்தி மயங்கின உடனே கோழி காலை உதறுது, தலையை ஆட்டுது, கூட்டுக்குள்ள நெலை கொள்ளல, ஆனா ஒரு கொசுவும் கண்ணுல படல

இது பொடிக்கொசு, குலிக்காய்டிஸ்னு பேரு. ஒண்ணுலேர்ந்து மூணு மில்லிமீட்டர்தான், மிளகுத்தூள் பறக்குற மாதிரி இருக்கும். உங்க கையில முழங்கை வரைக்கும் சுருக்குன்னு எரிஞ்சு பாத்தா ஒண்ணுமே இல்லாம இருந்தா அதான். நம்ம சாதாரண கொசுவலை ஓட்டை இதுக்கு வாசக்கதவு மாதிரி, கூட்டுக்கு கொசுவலை கட்டி "வலை கட்டியும் கடிக்குது"ன்னு எங்க சித்தப்பா ரெண்டு மாசம் கொழம்புனாரு.

இது வளர்றது தேங்குன தெளிஞ்ச தண்ணியில இல்ல, சாணி மூத்திரம் கலந்த சேறு, வாய்க்கால் ஓர ஈரமண்ணு, எருக்குழி விளிம்பு, பாத்திரம் கழுவுற தண்ணி போற சேத்துக்குழி. ஜூன் 12 மேட்டூர் தொறந்து கல்லணை தாண்டி நம்ம வாய்க்காலுக்கு தண்ணி வந்து கரை ஊற ஆரம்பிச்சா எண்ணிக்கை ஏறும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில உச்சம். நம்ம ஊர்ல மாட்டுக்கொட்டகையும் கோழிக்கூடும் பக்கம் பக்கமா இருக்கும், அதான் இங்க இந்தப் பிரச்னை அதிகம்.

செய்ய வேண்டியது என்னன்னா, முதல் காரியமா கொட்டகைத் தண்ணி போற காவாயை வெட்டி விட்டு சேறு காய விடுங்க, கூட்டை எருக்குழிக்கு பக்கத்துலேர்ந்து தள்ளி வைங்க. ரெண்டாவது, ஒரு பழைய ஃபேன். சிரிக்காதீங்க, இந்தப் பொடிக்கொசுவுக்கு காத்தை எதுத்து பறக்கத் தெம்பு கெடையாது, அஞ்சரை மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் கூட்டு மேல காத்து ஓடுனாலே கடி பெரும்பாலும் குறையும், விடிகாலையிலயும் ஒரு மணி நேரம் போட்டு விடுங்க. மருந்து வாங்குற காசுக்கு இது எவ்வளவோ மேல். ஒயரை மட்டும் மழை படாம தாவாரத்துக்குள்ள கொண்டு வாங்க.

நொச்சி, வேப்பிலை போட்டு மூட்டம் போடுறது நம்ம பழக்கம், நல்லதுதான், ஆனா கூட்டுக்கு வெளிய காத்து வர்ற பக்கம் போட்டு புகை லேசா தவழுற மாதிரி இருக்கணும். கதவைச் சாத்தி உள்ள புகை போடாதீங்க, கோழிக்கு மூச்சுப்பை ரொம்ப மென்மை.

நேத்து வரைக்கும் மேஞ்ச கோழி வாயில ரத்தத்தோட செத்துக் கெடக்கு, மத்ததுக்கு கொண்டை வெள்ளைக் காயிதம் மாதிரி, எச்சம் பச்சை

இங்கதான் நெதானம் வேணும். பச்சை எச்சம் பாத்த உடனே எல்லாரும் வெள்ளைக்கழிச்சல்னு முடிவு பண்ணிருவாங்க, அதாவது ராணிக்கெட். அதுவா இருக்கலாம். ஆனா முந்தின ரெண்டு வாரமா பொடிக்கொசு கடி இருந்துச்சுன்னா லியூக்கோசைட்டோசூன் காலெரிங்கிற ரத்த ஒட்டுண்ணியையும் சந்தேகப்படணும். பொடிக்கொசுதான் இதைப் பரப்புது, கடிச்சு பன்னெண்டு பதினாலு நாள்ல உள்ளுறுப்பெல்லாம் ரத்தம் கசிஞ்சு திடீர்னு விழும். தப்பிச்ச கோழி முட்டையை நிறுத்திரும், இல்லாட்டி தோல்முட்டை விடும்.

ரெண்டையும் வீட்டுல பிரிச்சுப் பாக்க ஒரு துப்பு மட்டும் சொல்றேன். ராணிக்கெட்டுல மூச்சு இழுப்பு, கழுத்து திருகிக்கிறது, காலு இறக்கை விழறது இதெல்லாம் வரும், ஒரு கோழிலேர்ந்து அடுத்ததுக்கு நேரா தாவி ரெண்டு மூணு நாள்ல கூட்டையே காலி பண்ணிரும். மத்தது கோழிக்குக் கோழி ஒட்டாது, பூச்சி நடுவுல இருந்தாதான், அதனால அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு விழும், கொண்டை வெளுப்பு தூக்கலா தெரியும். துப்புதான், தீர்ப்பு இல்ல. செத்த கோழியை பாலித்தீன் பையில கட்டி ஐஸ்ல வச்சு அன்னைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க, தஞ்சாவூர் பட்டுக்கோட்டை மன்னார்குடி பக்கத்துக்காரங்களுக்கு ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு. ஃபிரீசர்ல உறைய வைக்காதீங்க, உறைஞ்சா உள்ளுறுப்பை ஒழுங்காப் பாக்க முடியாது. ஒரே நாள்ல கூட்டங்கூட்டமா செத்தா, இல்ல காக்கா வாத்தும் சேந்து விழுந்தா, தொடவே தொடாதீங்க, பறவைக் காய்ச்சலா இருக்கலாம், டாக்டருக்கு போன் பண்ணி வரச் சொல்லுங்க. வீணாப் போகுதேன்னு கொழம்பு வைக்கிற ஆளுங்க இன்னமும் இருக்காங்க, என்னத்தைச் சொல்ல.

கொண்டையிலயும் கண்ணைச் சுத்தியும் மரு மாதிரி கொப்புளம்

அம்மை. இது வைரஸ், ஆனா கொண்டு வர்றதுல பெரிய பங்கு நம்ம சாதாரண கொசுவுக்கு. அம்மை வந்த கோழியைக் கடிச்ச வாயோட அடுத்த கோழியைக் கடிக்கும், அவ்ளோதான். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சுப் போன பிறகு விழுந்த தென்னைமரக் குழியெல்லாம் தண்ணி நின்னுச்சு பாருங்க, அந்த மார்கழியில எங்க தெருவுல கொப்புளம் இல்லாத குஞ்சைப் பாக்க முடியல.

வந்த பிறகு மருந்து கெடையாது, கொப்புளம் காஞ்சு தானா உதிரணும். பிச்சு எடுக்காதீங்க, உதிர்ற பொருக்குல வைரஸ் மாசக்கணக்குல உயிரோட இருக்கும், கூட்டிப் பெருக்கி எரிச்சிருங்க. மஞ்சள் வேப்பிலை அரைச்சுப் போடுறது புண்ணு சீழ் வைக்காம இருக்க ஒத்தாசை. கண்ணு மூடிக்கிட்ட குஞ்சுக்கு நீங்கதான் கையால தீனியும் தண்ணியும் ஊட்டணும், பாதி குஞ்சு அம்மையில சாகுறதில்ல, கண்ணு தெரியாம பட்டினியில சாகுது. வாய்க்குள்ள மஞ்சளா படை படிஞ்சிருந்தா அது மோசமான வகை, டாக்டர்கிட்ட போயிருங்க. ஆறுலேர்ந்து எட்டு வார வயசுல இறக்கைத் தோல்ல குத்துற தடுப்பூசி இருக்கு, அதை புரட்டாசிக்குள்ள போட்டு முடிச்சுருங்க.

கொசு விஷயத்துல வயல் தண்ணியை நம்மால ஒண்ணும் பண்ண முடியாது, சம்பா நடவுன்னா தண்ணி நிக்கத்தான் செய்யும். ஆனா கொல்லையில கெடக்குற பழைய உரல், கொட்டாங்கச்சி, டயர், கோழி தண்ணித்தட்டு, இதையெல்லாம் வாரம் ஒரு தடவை கவுத்துருங்க, முட்டைலேர்ந்து கொசுவாக வெயில் காலத்துல ஏழெட்டு நாள் போதும். கொசுவும் பறவையும்னு சொன்னா ரொனால்ட் ராஸைச் சொல்லாம விட முடியாது. மலேரியாவை கொசுதான் பரப்புதுன்னு அவரு 1898-ல கல்கத்தாவுல முழுசா நிரூபிச்சது மனுஷனை வச்சு இல்ல, குருவியை வச்சு. 1902-ல நோபல் வாங்குனாரு. கோழிக்கும் தனியா ஒரு மலேரியா இருக்கு, பிளாஸ்மோடியம் கேலினேசியம், காட்டுக்கோழி தாங்கிக்கும், வளப்புக் கோழிதான் வெளுத்துப் போய் விழும். அதுக்கும் ரத்தத் தகடுதான் வழி.

பகல்ல ஒண்ணுமில்ல, ஆனா ராத்திரி கோழி கூட்டுக்குள்ள போக மாட்டேங்குது, மரத்துல ஏறிக்குது

ஈயைத் தேடாதீங்க, ஈ இல்ல. ராத்திரி ஒம்பது மணிக்கு டார்ச்சோட போய் கோழி உக்காருற கம்புக்கு அடிப்பக்கம் வெள்ளைத்துணியால அழுத்தித் தொடைங்க. துணியில செவப்புக் கோடு விழுந்தா செவப்புச் செள்ளு, அதாவது ரத்தம் குடிச்ச பொடி உண்ணி. முட்டை ஓட்டுல செவப்புப் புள்ளி இருந்தாலும் அதான். மூங்கில் வெடிப்புல, மண்சுவர் கீறல்ல தட்டையா பழுப்பா பெருசா கெடந்தா கோழி உண்ணி, ஆர்காஸ் பெர்சிகஸ், இதுகூட ஒரு காய்ச்சலைக் கொண்டு வரும், பச்சைக் கழிச்சலும் காலு விழறதும் அதுலயும் உண்டு. தீனியே இல்லாம இந்த உண்ணி வருஷக்கணக்குல கெடக்கும், அதனால கூட்டை ஆறு மாசம் காலியாப் போட்டா செத்துரும்னு நெனச்சு ஏமாறாதீங்க.

கோழியை வேற எடத்துல அடைச்சுட்டு கூட்டோட ஒவ்வொரு இடுக்கையும் கொதிதண்ணி ஊத்தி, காய விட்டு, சுண்ணாம்பைக் கெட்டியாக் கரைச்சு வெடிப்பு அடையுற மாதிரி பூசுங்க. மருந்துன்னா டெல்டாமெத்ரின் மாதிரி உள்ளதை லேபிள்ல போட்ட அளவுல காலிக் கூட்டுக்கு மட்டும், நல்லா காஞ்ச பிறகு கோழியை விடுங்க, வாரம் பத்து நாள் கழிச்சு மறுபடி ஒரு தடவை அடிச்சாதான் முட்டைலேர்ந்து வந்தது சாகும். அடிச்ச டப்பாவை கொளத்துலயோ வாய்க்கால்லயோ அலசாதீங்க, மீனுக்கு அது எமன். சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழி வெட்டி விட்டா கோழியே பொரண்டு பேன் செள்ளைக் கொஞ்சம் கொறைச்சுக்கும்.

கண்ணு ஓரத்துலயும் கொண்டையிலயும் கருப்பா எள்ளு ஒட்டுன மாதிரி, தட்டினா விழல

தெள்ளு, ஒட்டுத்தெள்ளு. வாஸ்லின் தடவி விட்டு செத்த நேரம் கழிச்சு இடுக்கியால புடுங்குங்க, கூட்டு மண்ணை மேலாப்புல வெட்டி அள்ளிருங்க, முட்டை விழறது மண்ணுலதான்.

புண்ணுல வெள்ளைப் புழு நெளியுது

இது ரத்தம் குடிக்கிற ஈ இல்ல, புண்ணுல முட்டை வச்சுட்டுப் போன ஈயோட புழு. புழுவை எடுத்துட்டு, புழுப்புண்ணுக்கு உள்ள ஸ்பிரே அடிச்சு, ஆறுற வரைக்கும் ஈ மொய்க்காத எடத்துல வைங்க.

ஐவர்மெக்டின் குடுக்கலாமா

எல்லாத்துக்கும் கடைசியில வந்து நிக்கிற கேள்வி. குடுக்குறாங்க, வேலையும் செய்யுது, ஆனா மாட்டுக்கு உள்ள ஊசி மருந்தை கண்ணளவுல கோழிக்கு சொட்டு விடுறது வெளையாட்டு இல்ல, ஒரு கிலோ கோழிக்கு அளவு தப்ப ஒரு சொட்டு போதும். குடுத்தா அத்தனை நாளைக்கு முட்டையும் கறியும் சாப்பிடக் கூடாதுன்னு ஒரு கணக்கு இருக்கு, அதை டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. பொடிக்கொசுவுக்கும் கொசுவுக்கும் இதைக் குடுத்து ஒரு பிரயோஜனமும் இல்ல, குடிச்சுட்டுப் பறந்து போயிரும், நாளைக்கு வேற கூட்டம் வரும்.

டாக்டர்கிட்ட போறப்ப வெறுங்கையோட போய் "பூச்சிங்க"ன்னு நிக்காதீங்க. புடிச்ச ஈயோ உண்ணியோ அந்த பாட்டில்ல போட்டு ரெண்டு சொட்டு சானிடைசர் விட்டு மூடி, கூட்டு எச்சத்துல கெடச்ச கருப்பு விதை ரெண்டு மூணு தனியா காயிதத்துல மடிச்சு, எந்தத் தேதி எத்தனை மணிக்கு எங்க கெடச்சுதுன்னு எழுதி ஒட்டிக்குங்க. நோஞ்சான் கோழி ஒண்ணையும் உயிரோடவே கூடையில எடுத்துட்டுப் போங்க, ரத்தத் தகடு அன்னைக்கே எடுத்துரலாம்.